நாய் இறந்த வீட்டுக்குப் புதிய குட்டி: கேள்வி பதில்

முப்பது ஆண்டுகளாக நாய்களோடு வாழ்ந்து, அவற்றில் நான்கை மடியில் வைத்து வழியனுப்பியவன் என்ற முறையில், வந்திருக்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 14 ஆண்டுகள் எங்களோடு இருந்த நாய் இறந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. புதிய குட்டி வாங்க எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

பதில்: இதற்கு நாள் கணக்கு கிடையாது. குட்டி வேண்டும் என்று நினைக்கும்போது பழைய நாயின் அதே நிறமும் அதே முகமும்தான் கண்ணுக்குள் வருகின்றன என்றால், நீங்கள் தேடுவது குட்டியை அன்று, இறந்துபோன நாயை. அப்போது இன்னும் காத்திருப்பதே குட்டிக்கும் நல்லது. எங்கள் மணி இறந்த பிறகு, பதினொரு நாள்கள் காலையில் எழுந்ததும் அதன் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பி, வழக்கமான மூலையில் வைத்துவிட்டுத்தான் நினைவு வந்து நின்றிருக்கிறேன். அந்த மூலையில் வேறொரு நாய் தண்ணீர் குடிப்பதைக் கோபமில்லாமல் நினைத்துப் பார்க்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. சிலருக்கு மூன்று வாரங்களே போதும். அதில் துரோகம் எதுவும் இல்லை.

கேள்வி: நோய் முற்றியதால் மருத்துவர் சொன்னபடி ஊசி போட்டு அனுப்பிவைத்தோம். கடைசியில் அவன் ஒருமுறை மூச்சை இழுத்தான், கண்களும் மூடவில்லை. வலித்திருக்குமோ என்ற எண்ணம் என்னைத் தூங்க விடவில்லை.

பதில்: வலித்திருக்காது. இதற்கு வழக்கமாகத் தரப்படுவது மிகை அளவிலான மயக்க மருந்து. அது இரத்தத்தில் கலந்த சில நொடிகளில் முதலில் நினைவு தப்பும். அதன் பிறகே மூச்சும் இதயமும் நிற்கும். நீங்கள் பார்த்த அந்த இழுப்பு, உணர்வு முற்றிலும் போன பின் தசைகள் தாமாகச் சுருங்குவதால் வருவது. நாய்களுக்கு இறந்த பின் கண்கள் திறந்தே இருப்பதும் இயல்பு. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் எத்தனையோ பேருடைய இரவுகள் தப்பும். ‘கருணைக்கொலை’ என்ற சொல்லில் உள்ள ‘கொலை’தான் பலரை உள்ளுக்குள் அரிக்கிறது என்பது என் எண்ணம். நீங்கள் செய்தது, அவனுடைய வலியை வாங்கி உங்கள் மேல் ஏற்றிக்கொண்டது.

கேள்வி: எங்கள் குட்டி பார்வோ என்ற, வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக வரும் தொற்றுநோயால் இறந்தது. அதே வீட்டுக்கு உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவரலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள், சில இடங்களில் ஓர் ஆண்டுக்கு மேலும், உயிர்ப்போடு இருக்கும். வழக்கமான தரை துடைக்கும் திரவங்கள் பலவற்றுக்கு அது சாகாது. முதலில் சோப்பு நீரால் அழுக்கை முழுவதும் கழுவி எடுக்க வேண்டும், ஏனெனில் அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் வீரியம் இழந்துவிடும். அதன் பிறகு ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடங்களாவது தரை ஈரமாக இருக்கும்படி விட வேண்டும். மெத்தை, துணி பொம்மை போன்றவற்றை மனம் கேட்காவிட்டாலும் அப்புறப்படுத்துங்கள். தோட்டத்து மண்ணை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது.

இவ்வளவு செய்தாலும், தடுப்பூசித் தொடரை முடித்த நாயே அந்த வீட்டுக்கு ஏற்றது. அந்த ஊசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், குறைந்தது 16 வாரம் ஆகும்வரை போடுவார்கள். தாயின் சீம்பாலில் இருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது என்பதாலும், அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும் என்பதாலுமே இத்தனை ஊசிகள். ஓர் ஊசி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டில் ஒன்று இறந்துவிட்டது. மற்றது சரியாகச் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. துணைக்குக் குட்டி வாங்கலாமா?

பதில்: இத்தாலியில் 426 நாய் வளர்ப்போரிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், கூட இருந்த நாய் இறந்த பின் மற்ற நாயின் நடத்தை மாறியதாக 86 விழுக்காட்டினர் சொன்னார்கள். உணவு குறைவதும் ஆளை ஒட்டிக்கொண்டே இருப்பதும் அவற்றுள் அடங்கும். சாப்பாடு, நடை இரண்டையும் பழைய நேரத்துக்கே கொடுங்கள். ஒரு நாள் முழுக்க எதையும் தொடாவிட்டால் துக்கம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இறந்த நாயின் நோய் இதற்கும் தொற்றியிருக்கலாம். துணைக்கு என்று வாங்கினாலும், மூட்டு வலியுள்ள கிழட்டு நாயின் மேல் நாள் முழுவதும் ஏறிக் குதிக்கும் குட்டி அதற்கு மருந்தாகாது.

கேள்வி: நான்கு வயது மகளிடம் என்ன சொல்வது?

பதில்: ‘இறந்துவிட்டது, இனி வராது’ என்றே சொல்லுங்கள். ‘தூங்கிவிட்டது’ என்றால் குழந்தை தூங்கவே பயப்படும். திரும்பத் திரும்பக் கேட்பாள். அலுக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய பெயரையே வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கண்டிக்க உங்களுக்கு நா எழாது.

கேள்வி: புதுக்குட்டி வந்து ஒரு மாதம். கடிக்கிறது, வீடெல்லாம் நனைக்கிறது. ‘அவன் இப்படியெல்லாம் செய்ததே இல்லை’ என்று கத்திவிட்டு, பிறகு அழுகிறேன்.

பதில்: உங்கள் நினைவில் இருப்பது அவனுடைய நிதானமான கடைசி ஆண்டுகள். மூன்று மாதக் குட்டியால் பகலில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. 28 பால் பற்களும் நான்காவது மாதவாக்கில் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் வந்துவிடும். அதுவரை கடிக்க ஏதேனும் வேண்டும். தூங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் வெளியே தூக்கிச் செல்லுங்கள். கத்தத் தோன்றும்போது குட்டியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, பழைய மர நாற்காலிகளில் ஒன்றைத் திருப்பி அதன் காலைப் பாருங்கள். எங்கள் வீட்டு நாற்காலியில் மணியின் பால் பற்கள் கொறித்த தடம், தரையில் இருந்து நான்கு விரல் உயரத்தில், இன்னும் இருக்கிறது.