புகைமூட்டம் அணைத்துக்கொள்ளுமா?

அன்புள்ள ஐயா,

என் மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். ஆங்கிலக் கட்டுரை ஒன்றில், புகைமூட்டம் எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சூழ்ந்தது என்பதற்கு ‘என்ஃபோல்டட்’ என்று எழுதியிருந்தான். ஆசிரியர் அதை வட்டமிட்டு ‘என்வெலப்ட்’ என்று திருத்திவிட்டார். அகராதியில் பார்த்தால் இரண்டுக்குமே ‘சூழ்ந்துகொள், பொதி’ என்றுதான் இருக்கிறது. அப்படியானால் அவன் எழுதியதில் என்ன தவறு?

தெம்பனிஸ் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இலக்கணப்படி தவறு எதுவும் இல்லை. ஆனாலும் நான் ஆசிரியர் பக்கம்தான்.

‘ஃபோல்ட்’ என்றால் மடிப்பு. மடிப்புக்குள் வைத்துப் பொதிவது ‘என்ஃபோல்ட்’. அதனாலோ என்னவோ, அந்தச் சொல்லில் ஒரு கதகதப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தையை மார்போடு சேர்த்துக்கொள்வது, சால்வைக்குள் பொத்திவைப்பது, இதற்கெல்லாம் பொருந்தி வரும். பனி பள்ளத்தாக்கை ‘என்ஃபோல்ட்’ செய்தது என்றும் எழுதுவார்கள். அது மெல்லப் படியும் பனி. ‘என்வெலப்’புக்கு இப்படிப் பாசமெல்லாம் கிடையாது. புகை, தீ, இருட்டு, எது சூழ்ந்தாலும் போடலாம்.

2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் காற்றுமாசைக் காட்டும் பிஎஸ்ஐ குறியீடு 401-ஐத் தொட்டதே, அந்தப் புகையை நினைத்துப் பாருங்கள். சன்னலை இறுகச் சாத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தவர்களுக்கு, அது அணைத்துக்கொண்டதாகவா தோன்றியிருக்கும்? இன்னும் கடுமையாகச் சொல்ல ‘ஷ்ரவுட்’ இருக்கிறது. பிணத்தின்மேல் போர்த்தும் துணிக்கும் ஆங்கிலத்தில் அதுதான் பெயர். புகைமூட்டச் செய்திகளில் தாராளமாக அடிபடும் சொல்.

ஒருவேளை உங்கள் மகன் வேண்டுமென்றே கிண்டலாக எழுதியிருந்தால் கதையே வேறு. ‘பாசக்காரப் புகை எங்கள் புளோக்கை ஆசையாக அணைத்துக்கொண்டது’ என்கிற தொனி மற்ற வரிகளிலும் இருந்தால், வட்டத்தை அழிக்கச் சொல்லி நானே ஆசிரியரிடம் வாதாடுவேன். கேட்டுப் பாருங்கள்.

நமக்குக் குழப்பம் வருவது ‘சூழ்’ என்ற நம் சொல்லால். பகைவர் கோட்டையைச் சூழ்ந்தாலும் பேரப்பிள்ளைகள் தாத்தாவைச் சூழ்ந்தாலும் அது ஒன்றேதான். நல்லது கெட்டது பார்க்காது. அகராதிக்காரர் அதைப் பொருளாகப் போட்டதுமே வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. பொருளை மட்டும் பார்க்காமல், கீழே கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படிக்கச் சொல்லுங்கள். அங்கே யார் யாரைச் சூழ்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

அப்புறம், எழுதும்போது தடுக்கும் இடங்கள் சில. ‘கைகளால் அணைத்தாள்’ என்ற தமிழ் நினைப்பில் பிள்ளைகள் ‘என்ஃபோல்ட்’டுடன் ‘வித்’ போடுவார்கள். ஆங்கிலத்தில் ‘இன் ஹெர் ஆர்ம்ஸ்’, கைகளுக்குள். ‘என்வெலப்’ என்ற வினைச்சொல்லின் கடைசியில் ‘இ’ (e) எழுத்து வராது, இரண்டாம் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘இ’ சேர்ந்தால் அது கடித உறை, அழுத்தம் முதல் அசைக்குப் போய்விடும். புதுக் கொள்கையையோ தொழில்நுட்பத்தையோ மனமுவந்து ஏற்பதற்கு ‘எம்பிரேஸ்’. நாமும் ‘பௌத்தத்தைத் தழுவினார்’ என்கிறோமே, அதேபோல. அந்த இடத்தில் ‘என்ஃபோல்ட்’ வராது.

சொல் பிடித்துப்போய்விட்டது என்பதற்காகப் பேச்சில் மட்டும் அவன் ‘என்ஃபோல்ட்’டைப் பயன்படுத்த வேண்டாம். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நண்பனைக் கட்டிப்பிடித்தால் அது வெறும் ‘ஹக்’தான்.