டெல்லியின் அருங்காட்சியகங்களும் நினைவிடங்களும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பெற்றோருடன் சனி முதல் திங்கள் வரை டெல்லியில் தங்குகிறோம். எதை எந்த நாளில் வைத்துக்கொள்ளலாம்?

பதில்: அருங்காட்சியகங்களைச் சனி, ஞாயிறு இரண்டு நாள்களுக்குள் முடித்துவிடுங்கள். தேசிய அருங்காட்சியகம், தீன்மூர்த்தி வளாகத்தின் பிரதமர்கள் அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, இந்திரா காந்தி நினைவகம், ரயில் அருங்காட்சியகம் ஆகிய எல்லாவற்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. செங்கோட்டையும் அன்று திறக்காது. குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, தேசியப் போர் நினைவகம் ஆகியவற்றைத் திங்களுக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: காந்தியடிகளுக்காக ராஜ்காட் மட்டும் போனால் போதாதா?

பதில்: போதாது என்பதே என் கருத்து. ராஜ்காட் 1948 ஜனவரி 31 அன்று அவருடைய உடல் எரியூட்டப்பட்ட இடம். கருப்புப் பளிங்கு மேடையைச் செருப்பில்லாமல் ஒருமுறை சுற்றி வந்தால், கால் மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். அதற்கு முன்பாகத் தீஸ் ஜனவரி மார்க்கில் உள்ள காந்தி ஸ்மிருதிக்குப் போங்கள். அன்று பிர்லா மாளிகையாக இருந்த அந்த வீட்டில்தான் அவர் தம் கடைசி 144 நாள்களைக் கழித்தார். தரையில் விரித்த படுக்கை, தாழ்வான எழுதுமேசை, மூக்குக் கண்ணாடி, கைத்தடி, சோப்புக்குப் பதிலாக அவர் பயன்படுத்திய சொரசொரப்பான கல் என்று அந்த அறையில் இருப்பவை மிகச் சில பொருள்களே. அங்கிருந்து பிரார்த்தனைத் திடல் வரை, ஜனவரி 30 மாலை அவர் நடந்த வழியைப் பாதச்சுவடுகளாக வார்த்து வைத்திருக்கிறார்கள். அவர் சுடப்பட்ட இடத்தில் ஒரு தூண் நிற்கிறது. அந்தச் சுவடுகளை ஒட்டி மெதுவாக நடந்து பார்த்த பிறகு ராஜ்காட்டுக்குச் சென்றால்தான், அந்த மேடையின் முன் நிற்பதற்குப் பொருள் இருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது.

கேள்வி: தேசிய அருங்காட்சியகத்துக்கு எங்களுக்கு இரண்டு மணி நேரமே உள்ளது.

பதில்: எல்லாத் தளங்களையும் ஓட்டமாக ஓடிப் பார்க்க வேண்டாம். ஹரப்பா கூடம், வெண்கலச் சிற்பக் கூடம் இரண்டை மட்டும் பாருங்கள். மொகஞ்சதாரோ நடன மங்கையைப் படங்களில் பெரிதாகவே பார்த்துப் பழகியவர்கள், அதன் உயரம் சுமார் 10.5 செ.மீ. மட்டுமே என்பதை நேரில் கண்டு திகைப்பார்கள். வெண்கலங்களில், புதுக்கோட்டைப் பகுதியின் திருவரங்குளத்திலிருந்து வந்த சோழர் கால நடராசரைத் தேடிப் பாருங்கள். வழக்கம்போல் இடக்காலைத் தூக்கி ஆடாமல், இரு முழங்கால்களையும் மடித்துச் சதுர தாண்டவம் ஆடுகிறார்.

கேள்வி: இந்திரா காந்தி நினைவகத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

பதில்: விவரம் தெரிந்த வயதென்றால் அழைத்துச் செல்லலாம். 1984 அக்டோபர் 31 அன்று அவர் அணிந்திருந்த சேலையும், 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி அணிந்திருந்த உடையின் எச்சங்களும் காலணிகளும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. சிறு பிள்ளைகளுக்குச் சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகமே ஏற்றது; ஒரு பக்கம் ஒற்றைத் தண்டவாளத்திலும் மறுபக்கம் சாலையில் உருளும் பெரிய சக்கரத்திலும் ஓடிய பாட்டியாலா அரசின் நீராவி வண்டியைப் பார்த்தால் அவர்கள் நகரவே மாட்டார்கள்.

கேள்வி: போர் நினைவகத்துக்கு எந்த நேரம் நல்லது?

பதில்: மாலை நேரம். 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட இந்த நினைவகம் இந்தியா கேட்டை ஒட்டியே உள்ளது. வட்ட வட்டமாக அமைந்த சுவர்களில், ஒவ்வொரு கருங்கல் பலகையிலும் ஒரு வீரரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது; பெரும்பாலோர் நடுவிலுள்ள தூணோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது வருத்தத்துக்குரியது. பரமவீர் சக்ரா பெற்றவர்களின் மார்பளவுச் சிலைகளும் தனியே உள்ளன. 1987இல் இலங்கையில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் சிலையை அங்கே காணலாம். ஜனவரியில் போவதாக இருந்தால், குடியரசு நாள் அணிவகுப்பு ஒத்திகைக்காக அப்பகுதிச் சாலைகளை மூடுவார்கள் என்பதால், முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.