நிரலில் கிடக்கும் சாவி எந்தக் கதவைத் திறக்கும்?

கேள்வி: பயனர் தன் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளும் காப்புப் பிரதி மென்பொருள் ஒன்றை மூன்று பேர் சேர்ந்து திறமூலமாகப் பராமரிக்கிறோம். நிரலில் ரகசியங்களைத் தேடும் கிட்லீக்ஸ் ஸ்கேனரை ஓட்டியதில் 37 இடங்களில் ரகசியம் இருப்பதாகக் காட்டுகிறது. பெரும்பாலும் சோதனைச் சாவிகள். அவை போக, கூகுள் டிரைவுக்கான ஓஆத் கிளையன்ட் சீக்ரெட் (பயனரின் ஒப்புதல் கேட்கும்போது செயலி தன்னை அடையாளம் காட்டும் சொல்), குக்கீயில் கையொப்பமிடும் சாவி, அட்மின் பக்கத்தின் ஆரம்பக் கடவுச்சொல், இரண்டு ஆண்டுக்கு முன்பே கோப்பிலிருந்து நீக்கிவிட்ட ஒரு ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) சாவி. எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. இருப்பவற்றை எப்படி ஆவணப்படுத்துவது?

பதில்: ஆவணத்தைத் தொடங்கும் முன் அந்த ஏடபிள்யூஎஸ் சாவியைச் செயலிழக்கச் செய்யுங்கள். கோப்பிலிருந்து எடுத்துவிட்டாலும் கிட் வரலாற்றில் (நிரலின் பழைய மாற்றங்களின் பதிவில்) அது அப்படியே இருக்கிறது. குளோன் (முழுப் பிரதி) எடுத்த ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. ஏடபிள்யூஎஸ்ஸில் அனுமதிகளை நிர்வகிக்கும் ஐஏஎம் பக்கத்தில் சாவியை 'இனாக்டிவ்' ஆக்கி, கடைசியாக எப்போது, எந்தச் சேவைக்குப் பயன்பட்டது என்று அங்கேயே பார்த்துக் குறித்துக்கொண்டு, பிறகு நீக்குங்கள். கணக்கில் நடந்தவற்றைக் குறித்துவைக்கும் கிளவுட்டிரெயில் பதிவையும் பாருங்கள். தனியாக டிரெயில் அமைத்திருக்காவிட்டால் 90 நாள் பதிவுதான் கிடைக்கும். அப்படியானால் அதற்கு முந்தைய காலத்தைப் பற்றி "யாரும் நுழையவில்லை" என்று எழுதக் கூடாது. "பதிவு இல்லை" என்றுதான் எழுத வேண்டும்.

டொயோட்டா கார்களுக்கான டி-கனெக்ட் இணையச் சேவையில் நடந்தது இதே வகைத் தவறு. துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்று மூலநிரலின் ஒரு பகுதியை 2017 டிசம்பரில் கிட்ஹப்பில் பொதுவில் வைத்துவிட்டது. அதற்குள் தரவு சர்வரின் சாவி இருந்தது. தெரியவந்தது 2022 செப்டம்பரில். 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் அத்தனை காலமும் எட்டும் தூரத்தில் இருந்தன.

சாவியை ரத்து செய்த பிறகு வரலாற்றைத் திருத்த வேண்டுமா? கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி கொண்டு திருத்தலாம். ஆனால் அந்த இடத்துக்குப் பிந்தைய கமிட்களின் (பதிவான மாற்றங்களின்) அடையாள எண்கள் அனைத்தும் மாறும், திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்கள் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகள்) சிக்கலாகும், மற்றவர்களின் ஃபோர்க்குகளில் (தனிப் பிரதிகளில்) பழைய கமிட் இருந்துகொண்டே இருக்கும். பொதுக் களஞ்சியத்தில் செத்த சாவிக்காக இந்தப் பாடு வேண்டாம் என்பதே என் கருத்து. "இன்ன தேதியில் ரத்து செய்யப்பட்டது" என்ற ஒரு பதிவு போதும்.

இனி மற்றவை. பலர் ஸ்கேனர் காட்டிய கோப்பையும் வரி எண்ணையும் அட்டவணையாக்கி, பக்கத்தில் "தவறான எச்சரிக்கை" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் வரி எண் மாறிவிடும். ஏன் தவறான எச்சரிக்கை என்பது எழுதியவருக்கே மறந்துவிடும். ஒவ்வொரு சாவிக்கும் எழுத வேண்டியது, அது எந்தக் கதவைத் திறக்கும், அந்தக் கதவுக்குப் பின்னால் யாருடைய பொருள் இருக்கிறது என்பதைத்தான்.

ஓஆத் கிளையன்ட் சீக்ரெட்டிலிருந்து தொடங்கலாம். பெயரில்தான் ரகசியம். எல்லாப் பயனருக்கும் ஒரே பிரதியாகப் போகும் செயலிக்குள் வைத்த சீக்ரெட்டை ரகசியமாகக் கருதக் கூடாது என்று இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 8252 (2017) சொல்கிறது. தண்டர்பேர்டு மின்னஞ்சல் செயலி, ஆர்குளோன் கோப்பு நகலெடுக்கும் கருவி இரண்டின் மூலநிரலிலும் இப்படிப்பட்டவை இருக்கின்றன. இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரின் டிரைவுக்குள் நுழைய முடியாது. அந்தப் பயனர் ஒப்புதல் தர வேண்டும். முடிவது இரண்டு: வேறொரு செயலி உங்கள் பெயரில் ஒப்புதல் கேட்கலாம்; உங்கள் திட்டத்துக்கான கோட்டாவை (பயன்பாட்டு வரம்பை)த் தின்றுவிடலாம். இந்த இரண்டையும் ஆவணத்தில் சொல்லுங்கள். இடையில் திருடிய ஒப்புதல் குறியீட்டைப் பிறர் பயன்படுத்தாமல் தடுக்கும் பிகேசிஇ முறையைச் சேர்த்துவிடுங்கள். சீக்ரெட்டைப் பில்ட் நேரத்தில் (நிரலைத் தொகுக்கும்போது) மாற்றக்கூடிய மாறியாக்கி, ஃபோர்க் எடுப்பவர்கள் தங்களுக்கென்று தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் எழுதுங்கள்.

குக்கீச் சாவியும் ஆரம்பக் கடவுச்சொல்லும் அப்படியல்ல. உங்கள் 37இல் எனக்குக் கவலை தருபவை இந்த இரண்டும்தான். உங்கள் மென்பொருளை நிறுவிய எல்லாருடைய சர்வருக்கும் இவை ஒரே சாவி. ஜாவா பாதுகாப்பு நூலகமான அப்பாச்சி ஷிரோவில் 'ரிமெம்பர் மீ' குக்கீயைப் பூட்டும் சாவி இப்படித்தான் நிரலுக்குள்ளேயே இருந்தது. சாவியை மாற்றாமல் விட்ட இடங்களில், அதை மூலநிரலில் பார்த்த எவரும் ஒரு குக்கீயைத் தயாரித்து அனுப்பி, சர்வரில் தன் நிரலை ஓட்ட முடிந்தது. அது பாதிப்புகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2016-4437 என்று பதிவானது, 1.2.5 பதிப்பில் சரிசெய்தார்கள்.

"நிறுவியதும் இதை மாற்றவும்" என்று ரீட்மீயில் எழுதுவது இதற்கு மருந்தாகாது, பலர் மாற்ற மாட்டார்கள். முதல் முறை ஓடும்போதே இயங்குதளத்தின் ரேண்டம் மூலத்திலிருந்து 32 பைட் எடுத்துச் சாவியை உருவாக்கி, 0600 அனுமதியுடன் (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுதலாம்) கோப்பில் வையுங்கள். கடவுச்சொல்லையும் அப்போதே உருவாக்கித் திரையில் ஒரு முறை காட்டுங்கள். பழைய சாவியுடன் யாராவது தொடங்கினால் சர்வர் எழவே கூடாது. இந்தத் திருத்தம் வெளியாகும் வரை இது சிடபிள்யூஇ-798 (நிரலிலேயே பதித்த ரகசியம்) வகைப் பாதிப்பு. ஆகவே பொது ஆவணத்தில் ஏற்றாதீர்கள். கிட்ஹப்பின் செக்யூரிட்டி அட்வைசரியில் தனிப்பட்ட வரைவாக வைத்து, புதிய பதிப்போடு சேர்த்து வெளியிடுங்கள்.

சோதனைச் சாவிகளுக்கு ஓர் எளிய வழி உண்டு. ஆர்எஃப்சி 9500 (2023) சோதனைக்கென்றே ஆர்எஸ்ஏ, ஈசிசி தனிச்சாவிகளை வெளியிட்டிருக்கிறது. உங்கள் சாவிகளுக்குப் பதில் அவற்றை வைத்தால், பார்ப்பவர் அடையாளம் கண்டுகொள்வார், பதிவுகளும் சுருங்கும். ஆனால் பெயர் மட்டும் காப்பாற்றாது. 2024 ஜூலையில் பைனார்லி நிறுவனம் வெளிப்படுத்திய 'பிகேஃபெயில்' விவகாரத்தில், "நம்ப வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் பெயரிலேயே எழுதியிருந்த யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) சோதனைச் சாவி, பல நிறுவனங்களின் கணினிகளில் அப்படியே விற்பனைக்குப் போயிருந்தது. தடையை நிரலிலேயே வையுங்கள்: சோதனைச் சாவியின் கைரேகை (சாவியிலிருந்து கணக்கிடும் சுருக்க அடையாளம்) தெரிந்தால் சர்வர் நின்றுவிட வேண்டும்.

ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

ரகசியம் 04
வகை: டிஎல்எஸ் தனிச்சாவி, ஆர்எஸ்ஏ 2048
இடம்: சோதனைக் கோப்புறை, முதலில் சேர்த்த கமிட்டின் எண்
திறப்பது: சோதனை ஓடும்போது 127.0.0.1இல் எழும் சர்வரை மட்டும்
தடை: வெளியீட்டுத் தொகுப்பில் இக்கோப்பு சேராது, கைரேகை பொருந்தினால் சர்வர் தொடங்காது
கைரேகை: பொதுச்சாவியின் எஸ்எச்ஏ-256, முதல் 16 எழுத்து
நிலை: வேண்டுமென்றே வைத்தது
பொறுப்பு: வெளியீட்டைக் கவனிப்பவர், ஒவ்வொரு பெரிய பதிப்புக்கு முன்னும் பார்க்க வேண்டும்

ரகசியத்தின் மதிப்பை ஆவணத்தில் ஒருபோதும் எழுதாதீர்கள். எழுதினால் ஸ்கேனர் அதையே 38ஆவது இடமாகக் காட்டும். கைரேகை விஷயத்தில் ஒரு கவனம்: நீளமான ரேண்டம் சாவிக்கு ஹாஷ் (இப்படிக் கணக்கிட்ட சுருக்கம்) எழுதலாம், ஆனால் எட்டு எழுத்துக் கடவுச்சொல்லின் ஹாஷை ஊகித்து உடைத்துவிடலாம். அத்தகையவற்றுக்குப் பதிவு எண் மட்டும் போதும். டிடெக்ட்-சீக்ரெட்ஸ் என்ற ஸ்கேனரின் பேஸ்லைன் கோப்பும் (ஏற்கெனவே கண்டவற்றின் பட்டியல்) ரகசியங்களை எஸ்எச்ஏ-1 ஹாஷாகத்தான் வைக்கிறது என்பதால், அதைக் கமிட் செய்யும் முன் உள்ளே பலவீனமான கடவுச்சொல் ஏதும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

கிட்லீக்ஸின் இக்னோர் கோப்பில் (விலக்குப் பட்டியலில்), கமிட், கோப்பு, விதி, வரி நான்கும் சேர்ந்த கைரேகையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மேல்வரியில் கமென்ட்டாகப் பதிவு எண்ணைக் குறியுங்கள். சோதனைக் கோப்புறையை மொத்தமாக விலக்கிவிடும் பழக்கம் மிகத் தவறானது. அவசரத்தில் உண்மையான டோக்கனை ஒட்டிச் சோதித்துப் பார்ப்பது அங்கேதான். பதிவு எண் இல்லாத விலக்கு வந்தால் சிஐ (தானியங்கிச் சோதனை) தோல்வியடையும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை: "வெளியீட்டில் சேராது" என்று எழுதிய எல்லாக் கோப்புகளையும் தனிக் கிளை ஒன்றில் நீக்கிவிட்டு வெளியீட்டுத் தொகுப்பைப் பில்ட் செய்து, நிறுவித் தொடங்கிப் பாருங்கள். பில்டோ சர்வரோ எங்காவது தடுக்கி நின்றால், அந்தக் கோப்புக்கான பதிவு பொய். நிரலைத் திருத்தும் வரை அதன் நிலையைப் "பாதிப்பு" என்று மாற்றி வையுங்கள்.