வூஸ்டர் குவளையும் அதன் அடிப்பக்கமும்

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பீங்கான் குவளைகள், கிண்ணங்கள் பற்றி, குறிப்பாக இங்கிலாந்தின் வூஸ்டர் நகர ஆலையில் செய்தவை பற்றி, நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அந்தக் காலத் தேநீர்க் கிண்ணங்களுக்குக் கைப்பிடியே இல்லையே, கை சுடாதா?

சுடும். சீனக் கிண்ணத்தைப் பார்த்துச் செய்ததால் அந்த வடிவமும் கூடவே வந்துவிட்டது. விளிம்பையும் அடிவளையத்தையும் விரல் நுனியால் பிடித்துக் குடித்தார்கள். காபிக் கோப்பைக்கு மட்டும் கைப்பிடி உண்டு. இரண்டுக்கும் பொதுவாக ஒரே சாசர்தான். கிண்ணம் சிறியதாக இருந்ததற்குத் தேயிலையின் விலையும் ஒரு காரணம்; 1784 வரை அதன் மீதான வரி 119 சதவீதம்.

கேள்வி: செல்சியா பாத்திரங்கள்தானே அழகு? வூஸ்டருக்கு ஏன் இத்தனை மதிப்பு?

லண்டனின் செல்சியா பீங்கான் ஆலையை நடத்திய ஸ்ப்ரிமான்ட் வெள்ளிக் கொல்லர். அழகுக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால் தேநீர்ப் பாத்திரம் கொதிநீரைத் தாங்க வேண்டும். அன்றைய ஆங்கிலேயப் பீங்கான்களில் பல, கொதிநீர் ஊற்றியதும் விரிசல் விட்டன. 1751இல் தொடங்கிய வூஸ்டர் ஆலை, அடுத்த ஆண்டே பிரிஸ்டல் ஆலையைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. கார்ன்வாலில் கிடைத்த மாக்கல்லைக் களிமண் கலவையில் சேர்க்கும் முறை அங்கிருந்து வந்ததுதான். அதனால் வூஸ்டர் தேநீர்ச்சட்டி வெந்நீருக்கு அஞ்சவில்லை. என்னைக் கேட்டால், வூஸ்டரின் புகழில் பாதி ஓவியருக்கு. மீதி அந்த மாக்கல்லுக்கு.

கேள்வி: பிரஷ்ய மன்னர் படம் போட்ட குவளையைப் பார்த்தேன். கையால் வரைந்ததா?

அச்சு. செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, எண்ணெய் கலந்த மை பூசி, மெல்லிய தாளில் எடுப்பார்கள். ஈரம் உலர்வதற்குள் அந்தத் தாளை, மெருகு என்னும் கண்ணாடிப் பூச்சு இட்ட குவளையின் மீது அழுத்திப் பதித்து, குறைந்த சூட்டில் மறுபடி சூளையில் வைப்பார்கள். நீங்கள் பார்த்த குவளையின் படத்திலேயே 1757 என்று இருக்கும். ஏழாண்டுப் போரில் இரண்டாம் ஃபிரெடெரிக் இங்கிலாந்தின் கூட்டாளி. மக்கள் அவரைக் கொண்டாடிய நேரம். படத்தை உற்றுப் பாருங்கள்: ‘ஆர்.எச்.’ என்ற எழுத்துகளும் ஒரு சிறு நங்கூரமும் தெரியும். செதுக்கிய ராபர்ட் ஹான்காக்கின் பெயருக்கும் ஆலைப் பங்குதாரர் ரிச்சர்ட் ஹோல்ட்ஷிப்பின் பெயருக்கும் அந்த எழுத்துகள் பொருந்தும். நங்கூரம் ஹோல்ட்ஷிப் பக்கம் சாய்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹோல்ட்’ என்றால் பிடி, ‘ஷிப்’ என்றால் கப்பல்; கப்பலைப் பிடித்து நிறுத்துவது நங்கூரம்தானே.

கேள்வி: என்னிடம் உள்ள நீலப்பூக் குவளையின் அடியில் பிறை இருக்கிறது. வூஸ்டர்தானே?

பிறை வூஸ்டர் ஆலையின் குறிதான்; ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். லோஸ்டாஃப்ட் என்ற இன்னொரு ஆங்கிலேய ஆலையிலும் அதே பிறையைப் போட்டார்கள். காஃப்லி (Caughley) என்ற ஊரின் ஆலை போட்ட ‘சி’ (C) எழுத்தும் ஏறக்குறைய அப்படியே தெரியும். இருட்டில் குவளைக்குள் டார்ச் அடித்து, ஊடுருவி வரும் ஒளியைப் பாருங்கள்: வூஸ்டர் பெரும்பாலும் பச்சை சாயலில் ஒளிரும், காஃப்லி ஆரஞ்சு சாயலில். அடுத்து, அடிவளையத்தின் உட்புறம் மெருகு சற்று விலகி மெல்லிய கோடாக வெற்றிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பென்சிலை ஓட்டினால் கோடு விழும். வூஸ்டரில் அடிக்கடி காணும் அடையாளம் இது. இவை எல்லாம் சேர்ந்து வந்தால் நம்பிக்கை கொள்ளலாம்.

கேள்வி: வூஸ்டர் பீங்கான் என்றால் வண்ணம் தீட்டியதும் வூஸ்டரிலா?

எப்போதும் அல்ல. ஜேம்ஸ் கைல்ஸ் என்பவர் வெள்ளைப் பாத்திரங்களை அங்கிருந்து வாங்கி, லண்டனில் தன் பட்டறையில் வண்ணமிட்டு விற்றார்.

கேள்வி: இவற்றில் தேநீர் குடிக்கலாமா?

வேண்டாம். மெருகில் ஈயம் உண்டு. பழைய ஒட்டுவேலை இருந்தால் வெந்நீரில் விட்டுப்போகும்.