களஞ்சியத்தில் கூடிய சபை

அன்புள்ள ஐயா,

மகன் வேலை பார்க்கும் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுக்குச் சென்றிருந்தேன். மில் தெருவில், ‘மோட்சப் பிரயாணம்’ எழுதிய ஜான் பன்யன் பெயரால் வழங்கும் கிறிஸ்தவ சபையைப் பார்த்தேன். வெண்கலக் கதவுகள் அழகு. கட்டடமோ கிடங்கு போலத் தோன்றியது. இவர்களுக்கு ஏன் அழகுணர்ச்சி இல்லாமல் போயிற்று? ஒரே ஊரில் பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், மொரேவியன் என ஏன் இத்தனை பிரிவுகள்?

ச.

அன்புள்ள ச.,

பிரிவுகளைப் பற்றி விரிவாக எழுதப்போவதில்லை. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்போரையும், பெரியவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்போரையும் அந்தச் சபை ஒரே கூரையின்கீழ் சேர்த்துக்கொண்டது என்பதை மட்டும் சொல்கிறேன். கிடங்கு என்ற சொல்லைத்தான் என்னால் விட முடியவில்லை. சில மாதங்களாக அவர்களின் வரலாற்றையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

அது உண்மையிலேயே களஞ்சியமாகத்தான் இருந்தது. 1650-இல் உருவான அந்தச் சபையினர், மன்னராட்சி மீண்ட 1660-க்குப் பின் அரசுத் திருச்சபைக்கு இணங்காதோர் ஆனார்கள். 1664-இன் சட்டப்படி, வீட்டாரைத் தவிர ஐந்து பேருக்கு மேல் தங்கள் முறைப்படி வழிபடக் கூடினாலே குற்றம். 1670-இல் அதைப் புதுப்பித்தபோது, அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காட்டிக்கொடுப்பவருக்கு ஒதுக்கினார்கள். கோபுரம் எழுப்பி மணியடிக்கும் காலமா அது? இதை அறிய முயலாமல் அழகுணர்ச்சி இல்லை என்று தீர்ப்பெழுதியது உங்கள் தவறு.

ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழிலாளியான பன்யன், 1660 நவம்பரில் பிடிபட்டு, இனிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்களிக்க மறுத்து, பார்வையற்ற மகளும் மற்றப் பிள்ளைகளும் வெளியே இருக்க, நாடா முடைந்து விற்று அவர்களைக் காப்பாற்றியபடி ஏறத்தாழ 12 ஆண்டுகள் சிறையில் கழித்தார். நான் திரும்பத் திரும்ப நினைப்பது 1672 ஜனவரியை. அவர் அப்போதும் கைதிதான். சபையார் கூடி அவரையே தங்கள் போதகராகத் தேர்ந்தெடுத்தார்கள். பிஷப் அனுப்பவில்லை, நிலக்கிழார் நியமிக்கவில்லை, அவரிடம் பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. தங்களுக்குப் போதிப்பவர் யார் என்பதை எளிய மனிதர்கள் தாங்களே முடிவு செய்தார்கள். அவ்வாண்டு மன்னர் தடையைத் தளர்த்தியதும், ஒரு பழத்தோட்டத்திலிருந்த களஞ்சியத்தை வாங்கி அங்கே கூடினார்கள். அதனிடத்தில் முறையான சபைவீடு 1707-இல்தான் எழுந்தது. நீங்கள் பார்த்தது 1850-இல் திறந்தது.

எட்டு வயதில், நாகர்கோவிலுக்கு அருகே பாட்டியின் ஊர்ச் சபையைப் பார்த்து, பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்று நானும் சொன்னேன். அந்தப் பகுதியில் ஊழியம் செய்த லண்டன் மிஷன், 1795-இல் இத்தகைய சுயாதீன சபையார் முன்னின்று தொடங்கியது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுவைத்து, ஞாயிறன்று காணிக்கையாகக் கொண்டுபோவாள் பாட்டி. அன்று என் கையைப் பிடித்து அந்தப் பானைக்குள் விட்டு, “நம்ம சபை இதுல கெட்டினது மக்களே” என்றாள். அரிசியின் குளிர்ச்சி இன்னும் விரல்களில் இருக்கிறது.

பன்யன் 1688-இல் மறைந்தார். அவருடைய மக்கள் அச்சமின்றிக் கூடுவதற்கான சட்டம் மறு ஆண்டுதான் வந்தது. மனதில் பட்டதை மறைக்காமல் எழுதினீர்கள். அதற்காக உங்கள்மீது அன்பு உண்டு. மீண்டும் பெட்ஃபோர்டு செல்லும்போது வெண்கலக் கதவுகளைப் படமெடுத்துத் திரும்பிவிடாமல், ஒரு ஞாயிறு காலை மகனோடு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.