இன்ஸ்டாலர் ஒவ்வொரு ஆபத்தான கட்டத்திலும் "நிச்சயமா?" என்று கேட்க வேண்டுமா?

கேள்வி: வேலூரில் சிஸ்டம் சர்வீஸ் கடை நடத்துகிறோம். ஆம்பூர், இராணிப்பேட்டை பக்கத்துத் தோல் கம்பெனிகளுக்கு ஓஎஸ்ஸும் கணக்கு மென்பொருளும் போட ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) எழுதுகிறோம். அடிக்கடி உறுதி கேட்டால் பையன்கள் சலித்துக்கொள்கிறார்கள், கேட்காமல் விட்டால் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. எது சரி?

பதில்: ஒரே ஒரு முறை கேளுங்கள். டிஸ்க்கில் முதல் எழுத்து விழுவதற்குச் சற்று முன்னால் கேளுங்கள். மற்ற கேள்விகளையெல்லாம் தொடக்கத்திலேயே கேட்டு முடித்துவிடுங்கள்.

ஏழு தடவை கேட்டால் எட்டாவதை யாரும் படிப்பதில்லை, கை தானாக எண்டரைத் தட்டிவிடும். 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா தொட்டதற்கெல்லாம் அனுமதி கேட்டதில் பலர் அந்த வசதியையே அணைத்துவைத்தார்கள். 2009-இல் விண்டோஸ் 7 வந்தபோது கேள்விகளைக் குறைக்க வேண்டியதாயிற்று.

எதற்குக் கேட்பது? திரும்பப் பெற முடியாததற்கு மட்டும். பார்ட்டிஷன் டேபிளை (டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்ற பட்டியலை) மாற்றி எழுதுவது, ஃபார்மட் அடிப்பது, பார்ட்டிஷனை நகர்த்துவது, பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட். செட்டிங்ஸ் ஃபைலை மாற்றப் போகிறீர்களா? பழையதைத் தேதி போட்டு நகலெடுத்துவிட்டு மாற்றுங்கள், கேட்கத் தேவையில்லை. கணக்குத் தரவைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதும் அப்படித்தான். மாற்றிய பிறகு பழைய பதிப்பில் பெரும்பாலும் திறக்காது. ஆகவே ஃபோல்டரை முழுதாக இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, ஃபைல் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போனால் மட்டும் மேலே போகட்டும்.

"ஃபார்மட் அடித்தால் என்ன, ரெக்கவரி போட்டு எடுத்துக்கலாம்" என்ற பேச்சு ஹார்ட் டிஸ்க் காலத்தது. அங்கே குவிக் ஃபார்மட் என்றால் ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்ற அட்டவணைதான் போகும், தரவு அடியில் கிடக்கும். எஸ்எஸ்டியில் ஃபார்மட்டோடு சேர்ந்தே, "இந்த இடம் இனித் தேவையில்லை" என்று டிஸ்க்குக்குச் சொல்லும் டிரிம் கட்டளையும் பெரும்பாலும் போய்விடும். அதற்குப் பிறகு ரெக்கவரி மென்பொருளுக்குக் கிடைப்பது வெறும் பூஜ்யம்.

கேள்வியின் வாசகத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். விண்டோஸ் செட்டப் திரையைப் பாருங்கள்: "டிரைவ் 0 பார்ட்டிஷன் 3" அல்லது "டிஸ்க் 0 பார்ட்டிஷன் 3" என்றுதான் வரும், டி டிரைவ் என்று வராது. 500 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் 465 ஆகத் தெரியும், 1 டிபி 931 ஆகத் தெரியும். கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் எதை வைத்துக் கண்டுபிடிப்பான்? ஆனால் பார்ட்டிஷனுக்கு வைத்த லேபிள் அதே திரையில் தெரியும். டி டிரைவுக்கு "கணக்கு-அழிக்காதே" என்று இன்றைக்கே பெயர் வைத்துவிடுங்கள், பத்து வினாடி வேலை. லினக்ஸிலோ டிஸ்க்குகளுக்கு அது வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பவே கூடாது. பென் டிரைவைச் செருகி பூட் செய்தால் வரிசை மாறலாம். டிஸ்க்கின் மாடல், சீரியல் எண் இரண்டையும் வைத்துப் பிடியுங்கள்.

"தொடரலாமா? ஆம் / இல்லை" என்று மொட்டையாகக் கேட்காமல் இப்படிக் கேளுங்கள்:

"931 ஜிபி டிஸ்க், சீரியல் கடைசி நான்கு எழுத்து 7கே2எம். இதில் 'கணக்கு' என்ற பார்ட்டிஷனில் 212 ஜிபி தரவு இருக்கிறது. எல்லாம் அழியும். அழிக்க அந்த நான்கு எழுத்தையும் தட்டவும்."

வெறும் எண்டர் தட்டினால் "இல்லை" என்றே பொருள்படட்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் இன்ஸ்டாலர் மாற்றங்களை டிஸ்க்கில் எழுதும் முன், ஃபார்மட் ஆகப்போகும் பார்ட்டிஷன்களைப் பட்டியலிட்டுக் காட்டி, "இல்லை"யைத் தேர்ந்தே வைத்திருக்கும். எனக்குத் தெரிந்து முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள அதுவே நல்லது.

ஒரே நேரத்தில் 30 கணினிக்குப் போடும்போது பதில் சொல்ல அங்கே ஆள் இருக்காது. அதற்காக "எல்லாவற்றுக்கும் ஆம்" என்று ஒரு சுவிட்ச் வைத்துவிடாதீர்கள். டெபியனில் மென்பொருள் போடவும் நீக்கவும் பயன்படும் ஏபிடி-கெட் கட்டளைக்கு "ஆம்" சுவிட்ச் கொடுத்தாலும், அத்தியாவசியப் பேக்கேஜை நீக்க நேர்ந்தால் வேலையை அப்படியே நிறுத்திவிடும். உங்கள் ஸ்கிரிப்டும் சீரியல் எண் பட்டியலில் இல்லாத டிஸ்க்கைத் தொடாமல் வெளியேறட்டும்.

உறுதி கேட்டாலும் தடுக்க முடியாத விபத்து ஒன்று உண்டு: ஸ்கிரிப்டிலேயே பிழை. 2001-இல் மேக்குக்கான ஐடியூன்ஸ் 2 இன்ஸ்டாலர், டிஸ்க்கின் பெயரில் இடைவெளி இருந்தவர்களின் தரவை அழித்தது. மேற்கோள் குறி விட்டுப்போனதுதான் காரணம். 2011-இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் கிராஃபிக்ஸ் மென்பொருளின் ஸ்கிரிப்டில் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்து, மென்பொருள்கள் இருக்கும் யுஎஸ்ஆர் ஃபோல்டர் முழுதும் போனது. 2015-இல் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில், ஃபோல்டர் பாதையை வைத்திருக்க வேண்டிய மாறி (வேரியபிள்) காலியாக இருந்து, பயனரின் ஃபைல்களெல்லாம் போயின. அழிக்கும் வரிக்கு முன்னால் மாறி காலியா என்று பாருங்கள், பாதையை மேற்கோளுக்குள் போடுங்கள்.

கரண்ட்டை மறந்துவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் 200 ஜிபி பார்ட்டிஷனை நகர்த்தும்போது அதே டிஸ்க்கில் படித்து அதிலேயே எழுத வேண்டும். வினாடிக்கு 50 எம்பி என்றாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். சாதாரண யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் காலை 8 மணிக்கு இதைத் தொடங்கினால் நடுவில் அறுந்துபோகும். லேப்டாப்பில் சார்ஜர் செருகியிருக்கிறதா என்பதை ஸ்கிரிப்டே கண்டுபிடிக்க முடியும். அதை மனிதரிடம் கேட்காதீர்கள், சார்ஜர் செருகியிருக்காவிட்டால் ஸ்கிரிப்டே தொடங்க மறுத்துவிடட்டும்.

ஸ்கிரிப்டைக் கம்பெனிக்கு எடுத்துப்போகும் முன் ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் போலிக் கணினியில்) ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க் மாட்டி, ஒன்றில் போலிக் கணக்குத் தரவைப் போட்டுவையுங்கள். பிறகு எண்டர் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டுங்கள். தரவு அழிந்திருந்தால் கேள்வியைத் திருத்தி எழுதிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.