மணாலியிலிருந்து ஒரே நாளில் சந்திரதால் ஏரிக்குப் போய் வருவது பாதுகாப்பானதா? சென்னையிலிருந்து வருகிறோம், கையில் 5 நாள்தான் இருக்கிறது.

போய் வருபவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்குக் கிளப்பி, ராத்திரிக்குள் மணாலியில் கொண்டுவந்து விடும் வண்டிகளும் கிடைக்கும். ஆனாலும் என் பதில், வேண்டாம்.

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பகுதியில் இருக்கும் சந்திரதால் ஏறத்தாழ 4,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். ஏரிக்கரையில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும், கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீத ஆக்சிஜன்தான் கிடைக்கும். இருந்தாலும் பகலில் சில மணி நேரம் அந்த உயரத்தில் நின்றுவிட்டு இறங்கிவிட்டால் பெரும்பாலானோருக்குத் தலைவலியோடு போய்விடும். பழகாத உடம்போடு இரவு அங்கே தூங்குவதுதான் ஆபத்து. "சரி, அதனால்தானே அன்றே திரும்புகிறோம்" என்பீர்கள். அந்தத் திரும்புதல்தான் சிக்கல்.

மணாலியிலிருந்து ஏரிக்குப் போகும் வழியில், பாதல், சத்ரூ என்ற இடங்களுக்கு இடையே பனியாறுகளிலிருந்து வரும் ஓடைகள் ரோட்டின் மேலேயே ஓடுகின்றன. அங்கே 'நாலா' என்பார்கள். காலையில் கணுக்கால் அளவு இருக்கும் தண்ணீர், வெயில் ஏறிப் பனி உருக உருக, பிற்பகலில் வண்டியையே நிறுத்திவிடும். மணாலியிலிருந்து வருபவர் ஏரியைப் பார்த்துவிட்டு அந்த ஓடைகளுக்குத் திரும்பி வருவது சரியாக அந்த நேரத்தில்தான். கடக்க முடியாவிட்டால், அதே காலையில் 2,000 மீட்டரில் கண் விழித்தவர் அன்றிரவு 4,000 மீட்டரில் படுக்க வேண்டியதுதான்.

அதனால் திசையை மாற்றுங்கள். சண்டிகர், சிம்லா வழியாக கின்னௌர் மாவட்டத்துக்குள் நுழையுங்கள். கல்பாவில் ஓர் இரவு (2,960 மீட்டர்), தாபோவில் ஓர் இரவு (3,280), ஸ்பிதியின் முக்கிய ஊரான காஜாவில் இரண்டு இரவு (3,700 வாக்கில்). அதன் பிறகுதான் குன்ஜும் கணவாய் ஏறி ஏரி, அதன் அருகே கூடார முகாமில் ஓர் இரவு. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்லும் கணக்குக்கு இந்த வழி ஏறக்குறைய தானாகவே பொருந்திவிடுகிறது. மறுநாள் விடிந்ததும் முகாமிலிருந்து கிளம்பினால், தண்ணீர் குறைவாக இருக்கும்போதே ஓடைகளைத் தாண்டி மணாலிக்கு இறங்கிவிடலாம்.

இதற்கு எட்டு, ஒன்பது நாள் ஆகும். 5 நாள்தான் என்றால் இந்த முறை சந்திரதாலை விட்டுவிடுங்கள். அடல் சுரங்கப்பாதை தாண்டி சிஸ்ஸூவில் தங்குங்கள். அதுவே மூவாயிரத்துச் சொச்சம் மீட்டர். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவே தாராளம்.

எல்லோரும் கேட்கும் இன்னொன்று, மாத்திரை. அசெட்டசோலமைடு உடம்பு உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்தும். சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருப்பவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கற்பூரத்தை முகர்ந்தால் சரியாகிவிடும் என்று வழியெல்லாம் சொல்வார்கள். அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகரிக்காது. கடைகளில் விற்கும் ஸ்ப்ரே டப்பா ஆக்சிஜனும் சில நிமிடங்களுக்குத்தான்.

தலைவலியோடு குமட்டல் வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இறக்குங்கள். ஏரி முகாமிலிருந்து எந்தப் பக்கம் இறக்குவது என்பதை முன்கூட்டியே டிரைவரிடம் பேசி வையுங்கள். மருத்துவமனை காஜாவில் இருக்கிறதே என்று அந்தப் பக்கம் போனால் முதலில் 4,550 மீட்டருக்கு மேலுள்ள குன்ஜுமை ஏற வேண்டும். சத்ரூ பக்கம்தான் உண்மையான இறக்கம். வண்டியும் டிரைவரும் இரவு முகாமிலேயே இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

சந்திரதால் 2005 முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது ராம்சர் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள ஈரநிலம். கரையில் கூடாரம் போட அனுமதியில்லை, முகாம்கள் சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஏரிக்குக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், மெதுவாக நடங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம்.

மாதம் என்று கேட்டால் செப்டம்பரின் முதல் பாதி. குளிர் அதிகம்தான், ஆனால் ஓடைகள் அடங்கியிருக்கும். 2023 ஜூலையில் மழையும் பனியும் சேர்ந்து பாதையை மூடியபோது, ஏரி முகாம்களில் 250 பேருக்கு மேல் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். உடல்நிலை மோசமானவர்களை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள், மற்றவர்களைக் குன்ஜும் பக்கம் பனியை அகற்றித்தான் மீட்க முடிந்தது. எனவே மழை எச்சரிக்கை வந்தால் காஜாவிலேயே உட்கார்ந்துவிடுங்கள். டேங்கையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போன் பண்ணுவதையும் அங்கேயே முடித்துவிடுங்கள். சென்னை திரும்பும் டிக்கெட்டை மட்டும் இறுக்கிப் போடாதீர்கள், ஒரு நாள் உபரி இருக்கட்டும். விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில்தான் பலரும் பிற்பகல் ஓடையில் வண்டியை இறக்குகிறார்கள்.